புலிக்கோடு போட்ட ஸ்பிட்ஃபயர்

ரகுபதி சாருக்கு இரண்டு உத்தியோகம். திங்கள் முதல் சனி வரை ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை விமானப்படை குரூப் கேப்டன். முதல் உத்தியோகத்தைக் கம்பெனி கொடுத்தது. இரண்டாவதை அவரே தனக்குக் கொடுத்துக்கொண்டார். அதனால் அதற்குக் கூடுதல் மரியாதை எதிர்பார்த்தார்.

கம்ப்யூட்டரில் இரண்டாம் உலகப்போர் விமானங்களை ஓட்டிச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று உண்டு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் இன்டர்நெட்டில் ஒன்றுகூடி, இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்திவிட்டு, நன்றி சொல்லிக்கொண்டு தூங்கப் போவார்கள். தங்கள் விமானத்துக்குத் தாங்களே வண்ணமும் அடித்துக்கொள்வார்கள். 2012-ல் அந்த நோய் எங்களையும் பிடித்தது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிச்சர்ட் நடத்திய பிரவுசிங் சென்டர்தான் எங்கள் விமானதளம். ஹால் டிக்கெட் பிரின்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ரிச்சர்ட், ஜாய்ஸ்டிக்குகளை வாங்கி மாட்டினான். காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நாங்கள், யூனிஃபார்மோடு போய் லண்டனைக் காப்பாற்றினோம்.

இதைக் கேள்விப்பட்டு ரகுபதி சார் வந்து சேர்ந்தார். குன்றத்தூரில் சொந்த வீட்டில், சொந்தக் கம்ப்யூட்டரில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போன் வழியாக எங்களை ஆண்டார். எங்கள் கூட்டத்துக்கு வல்லூறுப் படை என்று பெயர் வைத்தார். புறப்படும் முன் அட்டெண்டன்ஸ். லேட்டாக வந்தால் விளக்கம். சுடப்பட்டு விழுந்தால், செத்த விமானியே மைக்கில் வந்து தன் சாவுக்கு மூலகாரணம், கம்பெனி பாஷையில் ரூட் காஸ், சொல்ல வேண்டும்.

"ஏன் சுட்டான்?"

"பின்னாடி வந்துட்டான் சார்."

"ஏன் பின்னாடி வந்தான்?"

"முன்னாடி வந்தா நான் சுட்டுடுவேன்ல சார்?"

அவர் விழுந்தால் மட்டும் ரூட் காஸ் எப்போதும் ஒன்றுதான்: நெட் ஸ்லோ. அவருக்கு மட்டும் வாரம் தவறாமல் ஸ்லோவாக இருந்தது.

இந்தப் படைக்கு வண்ணக்காரன் இசக்கியப்பன். பெயின்ட் ஷாப்பில் எனக்குப் பக்கத்து இடம் அவனுக்கு. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், மாத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். விமானத்தின் தோலைக் கம்ப்யூட்டரில் விரித்துப் போட்டு, ஆணி ஆணியாக, புகைக்கறை முதற்கொண்டு வரைவான். கை எவ்வளவு நிதானமோ அவ்வளவுக்கு வாய் நிதானம் இல்லாதவன். நான் சக்திகுமார், உள்ளூர்க்காரன். முந்தின லிஸ்டிலேயே பெர்மனென்ட் ஆகிவிட்டேன். இசக்கி இன்னும் கான்ட்ராக்ட்.

அந்த லிஸ்டில்தான் அவன் உயிரே இருந்தது. செல்போன் கம்பெனியில் வேலை பார்த்த பாண்டிச்செல்வியும் அவனும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். அவள் அப்பா ஊரிலிருந்து ஒரே வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: பையன் பெர்மனென்ட் ஆகட்டும், மறுநாளே பூ வைக்கலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம். அடுத்த லிஸ்டில் யார் யார் பெயர் போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர் ரகுபதி சார்.

இது சாருக்கும் தெரியும். தெரிந்தவர் சும்மா இருப்பாரா? தான் ஓட்டும் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு வண்ணம் அடிக்கச் சொன்னார்.

"புலிக்கோடு போடு இசக்கி. நல்லா தடிமனா. எவ்ளோ தூரத்துல இருந்து பாத்தாலும் லீடர் வர்றார்னு தெரியணும்."

"எதிரிக்கும் தெரியும்லா சார்?"

"தெரியட்டும். பயப்படுவான்ல?"

கோடு போட்டான். மஞ்சள் போதவில்லை என்றார், ஏற்றினான். மூக்கில் பல் வேண்டும் என்றார், வைத்தான். கடைசியாக, வீழ்த்திய விமானத்துக்கு ஒன்று வீதம் விமானி ஏறும் கதவுக்குக் கீழே நட்சத்திரம் போடும் வழக்கத்துக்கு வந்தார்கள்.

"எத்தன நட்சத்திரம் சார் போட? நீங்க இன்னும் ஒண்ணும் விழத்தாட்டலயே."

"இந்த மாச டார்கெட் என்னவோ அதப் போடு. பிளான் முன்னாடி இருக்கணும், ஆக்சுவல் பின்னாடி வரும்."

ஒரு வரிசை முழுக்க நட்சத்திரம் போட்டான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் சார், "லிஸ்ட் வரட்டும், பாத்துக்கலாம்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அவர் ஒரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிவிட்டார்.

இங்கே அந்த விளையாட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் அடித்த வண்ணம் தானாக மற்றவர் திரையில் வந்துவிடாது. அந்த வண்ணத்தின் ஃபைல் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும். ஃபைலின் பெயர் ஒன்றாக இருந்தால் போதும். உள்ளே என்ன வரைந்திருக்கிறதோ அதைத்தான் அந்தக் கம்ப்யூட்டர் காட்டும். குன்றத்தூரில் சாரின் கம்ப்யூட்டரில் இருந்தது புலி. அதே பெயரில் ரிச்சர்ட் சென்டரில் இருந்த அத்தனை கம்ப்யூட்டரிலும் இசக்கி வேறொன்றை வைத்தான்.

எங்கள் லைனில் பூச்சு கொப்புளித்த கதவோ தூசி ஒட்டிய பானெட்டோ வந்தால், சிவப்பு அட்டை ஒன்றை எழுதிக் கட்டி ஓரமாகத் தள்ளிவிடுவோம். ரிஜெக்ட் டேக். அந்த அட்டையைத்தான் சாரின் இரண்டு இறக்கைக்கும் பரப்பி வரைந்திருந்தான். கொட்டை எழுத்தில், தமிழில்:

பொருள்: சூப்பர்வைசர்.
குறை: மேலே பளபளப்பு, உள்ளே துரு.
முடிவு: ரிப்பேர் ஆகாது.
பரிசோதித்தவர்: இசக்கியப்பன்.

முதல் நாள் பார்த்தபோது ரிச்சர்ட் நாற்காலியிலிருந்து விழுந்தான். "இன்னா மச்சி, கையெழுத்து வேற போட்டு வச்சிக்கிற!"

"பேரு போடாம டேக் கட்டுனா ஆடிட்ல கேப்பாவல்லா" என்றான் இசக்கி.

அதுவரை சாருக்குப் பக்கத்தில் பறக்க ஆள் பிடிப்பது பெரும்பாடு. அன்றிலிருந்து நான் முந்தி நீ முந்தி என்று அவரை ஒட்டியே பறந்தோம். படையில் டீம் ஸ்பிரிட் வளர்ந்திருப்பதாக அவர் மைக்கில் பாராட்டினார்.

பிறகு ஃபேமிலி டே வந்தது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து, கம்பெனியைச் சுற்றிப் பார்த்து, லெமன் ஸ்குவாஷ் குடித்துப் பெருமைப்பட வேண்டிய நாள். புனேயிலிருந்து வந்த ஜி.எம். முன்னால் வல்லூறுப் படையின் சாகசத்தைப் பெரிய திரையில் காட்டுவதாக ரகுபதி சார் ஒப்புக்கொண்டுவிட்டார். கம்பெனி கம்ப்யூட்டரில் விளையாட்டு ஏற்ற ஐ.டி. ஆட்கள் விடவில்லை. சொந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிவர சாருக்கு மனம் இல்லை. ரிச்சர்டின் கம்ப்யூட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வேனில் ஏற்றி கேன்டீனில் இறக்கிவிட்டார்.

இசக்கிக்கு விஷயம் தெரிந்தபோது கேன்டீனில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம். ஒயர் மாட்டுகிற சாக்கில் உட்கார்ந்து, பென் டிரைவிலிருந்து புலியை ஏற்றி, அட்டையை வேறு ஃபோல்டரில் ஒளித்து வைத்தான். எழுந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"தப்பிச்சேம்ல" என்றான். பார்வையாளர் வரிசையில் பாண்டிச்செல்வி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். யாராவது கேட்டால் இசக்கியின் அத்தை மகள்.

நிகழ்ச்சி அமோகம். திரை நிறையப் புலி வந்து நின்றதும் கைதட்டல். ஜி.எம். மைக்கை வாங்கி, இவ்வளவு அழகாக வண்ணம் அடித்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் ரகுபதி. கூச்சம்கூட இருந்தது குரலில். "ஞாயித்துக்கிழமையெல்லாம் உக்காந்து பண்ணேன். நம்ம பசங்களுக்கு ஒயர் மாட்டறதுக்கு மேல சொல்லிக் குடுத்தாலும் வராது சார்."

அந்தப் பசங்களில் ஒருவன் பக்கத்தில் மவுஸ் பிடித்து நின்றிருந்தான். சொன்னது ஆங்கிலத்தில்தான். ஆனால் பாண்டிச்செல்விக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். அவள் இசக்கியைப் பார்த்தாள்.

ஜி.எம்.மின் மகள் தானும் ஓட்ட வேண்டும் என்றாள். முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். இசக்கி உட்கார்ந்தான். ஒளித்து வைத்த ஃபோல்டரைத் திறப்பதைப் பார்த்து அவன் தோளைப் பிடித்தேன்.

"வேணாம்டா. லிஸ்ட்டு கீதுடா."

"கைய எடுல."

சிவப்பு அட்டை சுவரளவுக்கு வந்து நின்றது. பெயின்ட் ஷாப் வரிசையில் ஒருவன் இருமினான், அடுத்தவன் குனிந்து ஷூ லேஸ் கட்டினான், பெண்கள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். ஜி.எம்.முக்கு வணக்கமும் நன்றியும் தவிர வேறு தமிழ் தெரியாது. ஆனால் ரிஜெக்ட் டேக் எந்த மொழியிலும் தெரியும்.

"இதுவும் உங்கள் வேலையா? என்ன எழுதியிருக்கிறது?" என்று ரகுபதி சாரைக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வழியில்லை. ஒயர் மாட்டுகிறவர்களுக்குத்தான் வரைய வராதே. சார் திரையை ஒருமுறை முழுதாகப் படித்தார். காது சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம் தொழிற்சாலையிலிருந்து குறையுள்ள பொருள் எதுவும் வானத்தில்கூடப் பறக்காது என்று எழுதியிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

ஜி.எம். எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள். அந்த வருஷத்தின் தர விழிப்புணர்வு விருது அங்கேயே ரகுபதி சாருக்கு அறிவிக்கப்பட்டது. ஷீல்டைப் பிடித்துக்கொண்டு அவர் போட்டோவுக்கு நின்றபோது, பின்னால் திரையில் 'ரிப்பேர் ஆகாது' என்ற வரி மிகத் தெளிவாக விழுந்தது. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி கேட் பக்கம் மாட்டினார்கள்.

லிஸ்ட் வந்தது. ரகுபதி சார் அசிஸ்டென்ட் மேனேஜர். இசக்கியப்பன் பெயர் எங்கும் இல்லை. ஆள் தேவை குறைந்துவிட்டது என்று அவன் கான்ட்ராக்டையும் அந்த வாரத்தோடு முடித்துவிட்டார்கள். அவன் சாரின் கேபினுக்குள் போனபோது நானும் கூடப் போனேன்.

"சார், எம்மேல கோவம்னா என்னய நாலு அடி அடிச்சிருங்க. வேலயில கை வைக்காதீய."

சார் நிமிரவே இல்லை. "நீ எனக்கு டேக் போட்ட. நான் உனக்குப் போட்டேன். உன் வேலையில ஒரு குறையும் இல்லப்பா. ஃபைல்ல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்ற தோரணையில் பேனாவை மூடினார். எனக்குக் கை நமநமவென்று வந்தது. பெர்மனென்ட் ஆளின் கை. பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

இசக்கி ஐ.டி. கார்டைக் கேட்டில் கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினான். பாண்டிச்செல்வி வீட்டில் வேறு இடம் பார்த்தார்கள். அவள் முடியாது என்று நின்றாள், ஹாஸ்டலிலிருந்து கூட்டிப்போய்விட்டார்கள். ஆடி கழிந்ததும் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள் என்று பிறகு அவனே போனில் சொன்னான். வைக்கும் முன்னால், "இங்க ஒரு கடையில நெட்டு நல்லா இருக்குல. ஞாயித்துக்கெழம வாரேன். எதிர்ப்பக்கம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அசிஸ்டென்ட் மேனேஜர் அட்டெண்டன்ஸ் எடுத்தார். என்னைத் தனக்கு விங்மேனாகப் போட்டார். லீடர் முன்னால் பார்ப்பார். பின்னால் எவன் வருகிறான் என்று பார்த்துச் சொல்வது விங்மேன் வேலை. மேகத்துக்கு மேலே ஏறினோம். சார் நல்ல குஷியில் இருந்தார்.

"சக்தி, லைன் லீடர் போஸ்ட் ஒண்ணு வருது தெரியுமா?"

"அப்டியா சார்?"

"உன்னத்தான் மனசுல வச்சிருக்கேன். லிஸ்ட் வரட்டும், பாத்துக்கலாம்."

கீழே மேகத்திலிருந்து ஒரு விமானம் மெல்ல ஏறி வந்தது. கோடு இல்லை, பல் இல்லை, நட்சத்திரம் இல்லை. வண்ணமே அடிக்காத வெறும் தகரம். அவசரமே படாமல் வந்து, சாரின் வாலுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் நேராக நின்றது. அவ்வளவு நிதானமாக ஓட்டுகிற கையை எனக்குத் தெரியும்.

"சக்தி, பின்னாடி எவனாச்சும் வர்றானா?"

"யாரும் இல்ல சார். நேரா போங்க."

சொல்லிவிட்டு, அவனுக்குக் குறுக்கே இருக்க வேண்டாம் என்று என் விமானத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டேன்.