கதவு மூடியபோது கீழே இருந்தவர்கள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. புகாராக வந்து சேர்ந்தது. நான் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாத நிர்வாகி. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அழைத்துவிட்டு, திருத்த வந்தவர்களை விரட்டுவது என் வேலை. கடற்போர் வரலாற்றில் பேர்போன ஒரு புத்தகத்தைப் பற்றிய கட்டுரையில் சண்டை என்று புகார். புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கதையைப் பாதியில் விட்டுவிட்டுத் திருத்தப் போய்விடுவீர்கள்.

சண்டை ஒரே ஒரு வரிக்காக. அடிபட்ட கப்பலின் இயந்திர அறையில் தண்ணீர் புகுந்தபோது, மேலே நின்ற மெக்கானிக் ஒருவர் இரும்புக் கதவை மூடித் தாழிட்டுக் கப்பலைக் காப்பாற்றினார் என்று புத்தகம் ஓர் அத்தியாயம் முழுக்கப் புகழ்கிறது. அதை நம் கட்டுரை இப்படிச் சுருக்கியிருக்கிறது: ‘கதவு மூடப்பட்டபோது கீழே உயிருடன் யாரும் இல்லை.’

காலையில் ஒருவர் இதை ‘கீழே ஆறு பேர் உயிருடன் இருந்தார்கள்’ என்று மாற்றுகிறார். மாலையில் ஒருவர் பழையபடி ஆக்குகிறார். மறுநாள் காலை மறுபடியும் ஆறு பேர்.

2

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகள்:

‘கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக’ (கரையில் நின்று கால் நனைத்ததோடு சரி. எனக்கெதற்கு இந்த வேலை.)

‘இரும்புக் கதவின் அடியில் அந்த ஆறு பேரும்’ (இல்லை. அங்கே இறங்க இன்னும் தைரியம் வரவில்லை.)

‘சண்டையிட்ட இருவரும் ஒரே எண்ணிலிருந்து வந்தார்கள்.’

இது பரவாயில்லை, உண்மையும்கூட. கணக்குத் தொடங்காமல் திருத்துபவர்களுக்குப் பெயருக்குப் பதில் அவர்களுடைய இணைய இணைப்பின் எண் பதிவாகும். மாற்றியவருக்கும் மீட்டவருக்கும் ஒரே எண். என் சக நிர்வாகிக்கு (காற்புள்ளி தவிர வேறெதையும் திருத்தாததால் அவர் பெயரே காற்புள்ளி) போன் செய்தேன்.

“ஒரே ஆளுதாங்க. காலையில மாத்துறான், சாயங்காலம் திருப்பிப் போடுறான். கழண்ட கேஸ். தடை போட்டுட்டு வேற வேலையைப் பாருங்க.”

“தன்னோடயே யாராவது இப்படிச் சண்டை போடுவாங்களா?”

“நீங்க கதை எழுதுறப்போ போடுறதில்லையா?”

போனை வைத்துவிட்டுத் திருத்தங்களின் பட்டியலை மறுபடியும் திறந்தேன்.

3

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் காரணம் எழுத ஒரு சின்ன இடம் உண்டு. பெரும்பாலானோர் காலியாக விடுவார்கள். இங்கே எழுதியிருந்தார்கள், நான்தான் வரிசையாகப் படிக்கவில்லை.

நான் அங்கே இருந்தேன்.

ஆதாரம் இல்லை.

கதவை மூடியது நான்.

புத்தகத்தில் அப்படி இல்லை.

தட்டினார்கள்.

அப்பா, போதும்ப்பா.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஒரே வீடு, இரண்டு அறை, நடுவே ஒரு சுவர். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இணையத்திலா பேசுவார்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் மாடியிலிருக்கும் தம்பியும் நானும் குடும்பக் குழுவில்தான் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம்.

4

இங்கிருந்துதான் நான் புனையத் தொடங்கினேன், கேவலமாகப் புனைந்தேன். வரியை மீட்பது மகள் என்று வைத்துக்கொண்டு அவளை வில்லியாக்கினேன். வீரரின் மகள் என்ற பெருமையில் ஊறியவள், மேடைகளில் அப்பாவுக்குப் போர்த்திய பொன்னாடைகளை மடித்து வைத்திருப்பவள், அது போய்விடுமோ என்று பதறி அந்த வரியைக் காப்பவள். இரண்டு பக்கம் சரளமாக வந்தது. எனக்குச் சரளமாக வருவது பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

அப்போது என் நிர்வாகிப் பக்கத்திலிருந்து போன் எண்ணை எடுத்து அவளே கூப்பிட்டாள்.

“சார், நீங்கதான அந்தப் பக்கத்தைப் பூட்டுறவரு?”

“ஆமாங்க.”

“புத்தகத்துல இருக்கறபடியே, இனி யாரும் மாத்த முடியாம பூட்டிருங்க சார். கீழ்வீட்டு அக்கா கண்ணுல பட்டுரும். அவங்க கையில கிடைக்கிறதெல்லாம் படிப்பாங்க.”

கீழ்வீட்டு அக்காவின் கணவர் அந்த ஆறு பேரில் ஒருவர்.

“தண்ணி வந்ததும் சட்டுனு போயிட்டாரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டுத்தான் சார் இத்தனை வருஷமாத் தூங்குறாங்க. நான் கண்ணாடிக் கடையில வேலைக்குப் போயிருவேன். அப்பாவுக்குக் கண்ணுல சொட்டு மருந்து விடுறதே அவங்கதான்.”

“அப்பா உங்ககிட்ட இதெல்லாம் சொன்னதே இல்லையா?”

“இல்ல. நானே உங்க பக்கத்துலதான் படிச்சேன்.”

எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். அதற்குள் போன் பெரியவரின் கைக்கு மாறியது.

“தம்பி, நான் எழுதுனது நெசம்.”

“ஐயா, கதவைத் திறந்திருந்தா?”

“கப்பலே போயிருக்கும். அதுல சந்தேகமே இல்ல. மூடுனது தப்புன்னு நான் சொல்லல. கீழ யாரும் இல்லைன்னு எழுதியிருக்கே, அதைத்தான் சொல்றேன். தட்டுனாங்க. அப்புறம் மேல நிக்கிறது நான்தான்னு தெரிஞ்சு, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க.”

“கீழ்வீட்டு அக்காகிட்ட நேர்லயே சொல்லிரலாமேய்யா.”

“வாய் வரல. உங்க பக்கத்துல இருந்தா என்னைக்காவது படிச்சுக்கும்னு பார்த்தேன். மருந்து விடும்போது அந்தப் பொண்ணு முகம் இங்க, கிட்டத்துல இருக்கும் தம்பி. நான் கண்ணை நல்லாத் திறந்து வச்சிருக்கணும்.”

(இந்த உரையாடலையும் நான் புனைந்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி.)

5

எங்கள் விதி தெளிவானது. நேரில் கண்டவர் சொல்வது ஆதாரமாகாது. அச்சில் வந்ததே ஆதாரம். கதவை மூடிய கைக்குச் சொந்தக்காரரைவிட, கரையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை எழுதிய பேராசிரியரை நாங்கள் நம்புவோம். வேறு வழியில்லை; இல்லாவிட்டால் ஊரிலுள்ள புளுகர்கள் எல்லாம் கப்பல் ஏறிவிடுவார்கள்.

முடிவு அ: புத்தகத்தின் வரியோடு பூட்டுகிறேன். அக்கா தூங்குகிறார். பெரியவர் ஒருநாள் சொல்லாமலே இறந்து

முடிவு ஆ: பெரியவரின் வரியோடு பூட்டுகிறேன். அக்கா படிக்கிறார். அன்றிரவிலிருந்து அவருக்கு அந்தத் தட்டல்

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை. கோழை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

6

செய்ததைச் சொல்கிறேன். மகள் கேட்டபடியே பக்கத்தைப் பூட்டினேன். பழைய பதிவுகளில் இருந்த பெரியவரின் வரிகளையும் காரணங்களையும் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தேன். அதற்கான அதிகாரம் எங்களில் சிலருக்கு உண்டு. இப்போது அங்கே கீழே உயிருடன் யாரும் இல்லை. மகள் நன்றி சொன்னாள்.

பிறகு உட்கார்ந்து இதை எழுதினேன். கதைக்கு ஆதாரம் கேட்க மாட்டார்கள். கதையை அச்சிடக் கூடாது என்று மகளும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றியிருக்காது. அவளை நான் ஏமாற்றிவிட்டேன். அது தெரிந்துதான் எழுதுகிறேன், வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வாசகர்களே, முடிவை உங்களிடம் விடுவதாகத்தான் இருந்தேன். மன்னியுங்கள், இது உங்களில் ஒருவருக்கு மட்டுமானது.

அக்கா, கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவர் நீங்கள். இதையும் இதுவரை படித்திருந்தால், அவர் உங்களிடம் சொல்ல முடியாமல் தவித்தது இவ்வளவுதான். கீழே இருந்தவர்களில் உங்கள் வீட்டுக்காரரின் குரலும் இருந்ததா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்குத்தான் இருக்கிறது; கேட்காமல் இருக்கும் உரிமையும்.

காலையில் மகள் கடைக்குப் போன பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து, முகத்தை நிமிர்த்தி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். நீங்கள் மேலே போவீர்களா என்று எனக்குத் தெரியாது.