மூன்றாவது பெஞ்சின் ஜன்னலோரம்

1

இந்தக் கதை ஒரு கதவோரத்தில் பிறந்தது. ஒட்டுக்கேட்டுப் பிறந்த கதை. முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

செவ்வாய்க்கிழமை, மாலை நாலேகால். வெயில் வீட்டுக்குள் வந்து, போகிற வழியை மறந்து, கூடத்துத் தரையில் படுத்துக்கிடந்த நேரம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள் பள்ளியிலிருந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல், தன் அறையில் போன் பேசிக்கொண்டிருந்தாள். நான் டீ டம்ளரோடு அந்தப் பக்கம் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"நாளைக்குக் கேட்டுடப் போறேன். எல்லார் முன்னாடியும். என்ன வேணா ஆகட்டும்."

அடுத்த வரியைக் கேட்காமல் நகர்ந்துவிட்டேன். நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு அப்பாவாக இருந்தால், ஒன்று முதலிலேயே விலகிப் போயிருப்பார், இல்லை முழுசாகக் கேட்டுத் தொலைத்திருப்பார். நான் இருபத்திரண்டு வருடமாக வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதுகிறவன். இப்படி ஒரு வரி விழுந்ததும் என் காது தானாக மூடிக்கொள்ளும். அந்த வரிக்குக் கீழே ஒரு 'தொடரும்' போட்டுவிட்டு, மிச்சத்தை நானே எழுதிக்கொள்ளக் கிளம்பிவிடும்.

நிற்க. இதுவரை எழுதியதை மகள் படித்துவிட்டாள். சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: 'நான்னு எழுதாதீங்கப்பா. நான்னு எழுதினா உடனே நீங்க நல்லவராயிடறீங்க.'

ஆகவே இனிமேல் 'அவர்'. தொடர்கதைக்காரர். (மரியாதை விகுதிக்கு ஆட்சேபணை இல்லையாம்.)

2

தொடர்கதைக்காரருக்கு அந்த வரி ஏன் அவ்வளவு இனித்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சினிமா வந்திருந்தது. பள்ளிக்கூடப் படம். இருபத்திரண்டு வருடமாகக் கொலை, கடத்தல், கறுப்புக் கார் என்று எழுதியவரைத் தேடி ஓர் இளம் இயக்குநர் வந்து, "சின்ன வயசுல உங்க தொடரைக் கிழிச்சுக் கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தேன் சார்" என்றார். மயங்காத எழுத்தாளர் உண்டா?

"வழக்கமான படம் வேணாம் சார். நிஜம் வேணும், நிஜம்" என்றார் இயக்குநர். சொன்ன வாயாலேயே ஒரு பட்டியலும் கொடுத்தார். கண்ணாடி போட்ட படிப்பாளிப் பெண். பணக்காரத் திமிர்க்காரி. கடைசி பெஞ்ச் முரடன். அவனுக்கு எடுபிடியாக, எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருக்கும் ஒரு குண்டன். நடுவருடத்தில் வந்து சேரும் புது அழகன்.

தொடர்கதைக்காரர் எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

"மணி அடித்தது. தாழ்வாரத்தில் எல்லோரும் விலகி வழிவிட, அவன் நடந்து—" [அடித்தாயிற்று. பள்ளித் தாழ்வாரத்தில் யார் யாருக்கு வழிவிட்டிருக்கிறார்கள்?]

"அவள் கண்ணாடியைக் கழற்றினாள். வகுப்பே ஒரு கணம் மூச்சை—"

இதை மகளிடம் வாசித்துக் காட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"கழட்டினா என்னாகும்?"

"அழகாயிடுவா."

"எங்க கிளாஸ்ல யாராவது கழட்டினா நேரா கரும்பலகையில போய் முட்டிப்பாங்க."

"சரி, முரடன்? முரடன் ஒருத்தனாவது இருப்பானே?"

"இருக்கான். அவன்தான் கணக்குல முதல் மார்க். போன வாரம் வகுப்புக்குள்ள புறா வந்துடுச்சு. ஃபேன்ல அடிபட்டுடப் போகுதுன்னு அழுதுட்டான்."

"புதுசா வந்த அழகன்?"

"புதுசா ஒருத்தன் வந்தான். வந்து மூணு மாசமாச்சு, இன்னும் லேப் எந்தப் பக்கம்னு கேட்டுட்டிருக்கான்."

"அப்போ நாள் முழுக்க அங்க என்னதான் நடக்குது கண்ணு?"

அவள் கத்தரிக்கோலை நிறுத்தி யோசித்தாள். "காத்துட்டிருப்போம்."

"எதுக்கு?"

"தெரியலப்பா. பெல்லுக்குன்னு வெச்சுக்குங்களேன்."

தொடர்கதைக்காரர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். பயன்படுத்தவில்லை. காத்திருப்பதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?

3

அந்தச் செவ்வாய் மாலையே உட்கார்ந்தார். 'நாளைக்குக் கேட்டுடப் போறேன்' என்று ஒரு பதினாறு வயதுப் பெண் சொன்னால் எதைக் கேட்கப் போகிறாள்? காதலைத்தான். எல்லார் முன்னாடியும் என்றால்? பள்ளி அரங்கம், மேடை, மைக். விரல்கள் ஓடின. கண்ணாடிப் பெண் 'எல்லார் முன்னாடியும் கேட்டுடப் போறேன், என்ன வேணா ஆகட்டும்' என்று சொல்லிவிட்டுக் கடிதத்தோடு மேடை ஏறுகிறாள். கீழே முதல் வரிசையில் அழகன்.

இங்கே ஒரு துரோகி வேண்டும். துரோகி இல்லாத மேடையும் பிணம் இல்லாத முதல் அத்தியாயமும் அவருக்குப் பழக்கமில்லை. யாரைப் போடலாம் என்று கண்ணை மூடியதும், கைக்கெட்டிய தூரத்தில் ஒரு முகம் நின்றது. மகளின் தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், இந்த வீட்டிலேயே பாதி வளர்ந்தவள். வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ஏணி. வாசல் நிலை ஒரு சாண் மேலே இருந்தாலும் குனிந்துதான் நுழைவாள். ஷூ நாடாவை இரண்டு முடிச்சுப் போடுவாள். சிரிப்பு வந்தால் வாயை விட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

குனிவது, முடிச்சு, மூக்கு எல்லாவற்றையும் எடுத்தார்.* துரோகிக்கு மாட்டினார். உயரமான அந்தத் தோழி மேடையில் பாய்ந்து கடிதத்தைப் பிடுங்கி, மைக்கில் உரக்க வாசித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அரங்கமே சிரிக்கிறது.

(* எங்கள் தொழிலில் இதற்குத் திருட்டு என்று பெயரில்லை. 'கவனிப்பு' என்போம். இவ்வளவு கவனித்தவர், ஏணி மூன்று வாரமாக வீட்டுப் பக்கமே வரவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. மகள் இந்த அடிக்குறிப்பின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.)

4

புதன் காலை காட்சியை அனுப்பினார். மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார்.

அப்போது அந்தப் பள்ளிக்குள் போனார். கனவு என்று சொன்னால் நீங்கள் பக்கத்தைத் தாண்டிவிடுவீர்கள். பாதி எழுதின கதைக்குள் எழுதுகிறவன் போய்வருவதற்கு வேறு வார்த்தை இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன். நீளமான தாழ்வாரம். சாக்பீஸ் தூள் கீழே இறங்க மனசில்லாமல் வெளிச்சத்திலேயே நின்றுகொண்டிருந்தது. முரடனும் திமிர்க்காரியும் குண்டனும் அழகனும் சுவரோரம் சட்டை மாட்டியதுபோல் தொங்கினார்கள். உள்ளே ஆள் இல்லை. காற்றடித்தால் கைகள் ஆடின.

ஒரு வகுப்பறையில் மட்டும் ஆள் இருந்தது. உயரமான பெண் ஒருத்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்கு நடந்துகொண்டிருந்தாள். நாலடி தூரம். மதியம் முழுக்க நடந்தும் போய்ச் சேரவில்லை. "என்னம்மா, இந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவளை அவர் மைக் முன்னால் நிற்க வைத்திருந்தார். இங்கே என்ன செய்கிறாள்? அவள் திரும்பி—

போன் அடித்தது. இயக்குநர்.

"சார், பிச்சுட்டீங்க! அந்த உயரமான பொண்ணு இருக்கே, அதுதான் சார் படமே. மூக்கைப் பொத்திட்டுச் சிரிக்குது பாருங்க, தியேட்டரே அவளைத் திட்டும்!"

5

அன்று மாலை மகள் பாடக்குறிப்பு எடுக்க பிரிண்டரிடம் போனாள். அதன் தட்டில் அவர் முந்தின நாள் எடுத்த பிரதி கிடந்தது. எடுக்க மறந்திருந்தார். மர்மத் தொடரில் இப்படி ஒரு தடயத்தை விட்டுவைக்கிற கொலைகாரனை வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

காகிதங்களோடு வந்து அவர் எதிரே நின்றாள்.

"இது நான் போன்ல சொன்னது."

அவர் டீயைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் கேட்டீங்க?"

"என்ன வேணா ஆகட்டும்... அதுவரைக்கும்."

"அப்புறம்?"

"கேட்கல."

"ஏன்?"

"அங்க நிறுத்தினா நல்லா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றன. "இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னிருக்கலாம்ல? ஒட்டுக்கேட்கறதைக்கூட உருப்படியா கேட்க மாட்டீங்களா?"

கேட்காமல் விட்ட மிச்சம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் பீரியடுக்கு முன்னால், ஏணி தன் பையை எடுத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சிலிருந்து நாலாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதோடு பேச்சும் நின்றது. ஏன் போனாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவதாகத்தான் மகள் போனில் தன் அத்தை மகளிடம் சபதம் போட்டிருக்கிறாள்.

"என்ன சண்டை?"

"சண்டையே இல்லப்பா."

"யாராவது பையன்..."

"அப்பா!"

"மார்க்? நீ ஏதாவது வாய் தவறிச் சொல்லிட்டியா? அவகிட்ட யாராவது கோள்மூட்டி..."

"ஒண்ணும் இல்ல. முந்தின நாள் சாயந்திரம் பஸ் ஸ்டாப்ல 'பை'ன்னா. நானும் 'பை'ன்னேன். மறுநாள் காலையில போயிட்டா."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் காரணமில்லாமல் ஒருவரைக்கூட நகர்த்தியதில்லை. நாய் குரைத்தால்கூடக் காரணம் வைப்பார்.

"இன்னிக்குக் கேட்டியா?"

"எழுந்திரிச்சேன். திரும்பினேன். அவ பெஞ்ச் மேல யாரோ எப்பவோ கிறுக்கினதை ரப்பர் வெச்சு அழிச்சிட்டிருந்தா. ரொம்பப் பொறுமையா. தூளை ஊதி ஊதி." மகள் காகிதங்களைச் சுருட்டினாள். "கேட்டா பதில் வந்துடும்ல? அதான் உட்கார்ந்துட்டேன்."

பிறகு சொன்னாள்: "பள்ளிக்கூடப் படம் ஒண்ணையும் நாங்க விட்டதில்ல. சேர்ந்து போய் உட்கார்ந்து, எத்தனை தடவை கண்ணாடி கழட்டறாங்கன்னு எண்ணிச் சிரிப்போம். இதையும் அவ பார்ப்பா. வாசல்ல குனியறதைப் பார்ப்பா, மூக்கைப் பொத்தறதைப் பார்ப்பா. நான் சொல்லித்தான் நீங்க எழுதினீங்கன்னு நினைப்பா. இப்போ நாலாவது பெஞ்சுலயாவது இருக்கா. அப்புறம் நான் எங்க போய்த் தேடறது?"

6

தொடர்கதைக்காரர் இயக்குநரைக் கூப்பிட்டார். அந்த உயரமான பெண்ணைத் தூக்கிவிடலாம் என்றார். பதிலுக்கு வேறொரு காட்சி தருவதாகச் சொன்னார். ஒருத்தி பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போகிறாள்.

"சரி. ஏன் போறா?"

"தெரியாது."

"கடைசியில தெரிய வருமா?"

"வராது."

"சார், விளையாடாதீங்க. காரணமே இல்லாம யாராவது போவாங்களா?"

"நானும் இன்னிக்குச் சாயந்திரம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

இயக்குநர் தன்மையான ஆள். கத்தவில்லை. "அந்தப் பொண்ணு இல்லேன்னா இந்தப் படம் நாம சேர்ந்து பண்றதா இல்ல சார்" என்றார்.

"அப்போ இல்ல தலைவரே. அந்தக் காட்சியைக் கிழிச்சுப் போட்டுடுங்க. பைண்டு பண்ணிடாதீங்க."

போனை வைத்தார். அத்தியாயத்தை முடிக்கத் தோதான இடம். ஆனால் வாழ்க்கை அந்த இடத்தில் முடியவில்லை. கொடியில் துணி காய்ந்திருந்தது, போய் எடுத்துவந்து மடித்தார். முதல் சினிமா போன துக்கம் மூன்றாவது சட்டையை மடிக்கும்போதுதான் வந்தது. அதைப் பற்றி எழுத மகள் அனுமதித்தது இந்த ஒரு வரி மட்டும்.

7

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள் உட்கார்ந்து, சினிமாவுக்குப் பதிலாக இந்தக் கதையை எழுதினார். முடிவு வரவில்லை. எழுதிப் பார்த்ததையெல்லாம் மகள் முன் வைத்தார்.

ஒன்று: பரீட்சை நாள். மகளின் பேனா எழுதவில்லை. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு—

'அவ பேனா யாருக்கும் தரமாட்டா' (சிவப்பு மை).

இரண்டு: ஏணியின் வீட்டில் ஒரு பெரிய கஷ்டம். அதை மறைக்கத்தான் அவள்—

'அவங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க. நேத்துகூட பஸ்ல பார்த்தேன்.'

மூன்று: பத்து வருடம் கழித்து, ஒரு ரயில் நிலையத்தில், இருவரும்—

'பத்து வருஷமா??'

அந்த இரண்டு கேள்விக்குறிகளைத் தொடர்கதைக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்து வருடம் என்பது மூன்று நட்சத்திரக் குறி போட்டுத் தாண்டுகிற தூரம். அவளுக்குத் திங்கட்கிழமைக் காலை முதல் பீரியடே தாண்ட முடியாத தூரம்.

"இதையும் கிழிச்சுடட்டுமா கண்ணு?" என்று கேட்டார். "இதுலயும் அவ இருக்காளே."

மகள் காகிதங்களை அடுக்கினாள். முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்தாள். வெயில் அவள் மடியிலிருந்து மெல்ல நழுவிச் சுவருக்குப் போயிற்று.

"இதுல அவ கெட்டவ இல்ல. அவங்க வீட்டுல இந்தப் பத்திரிகைதான் வாங்கறாங்க" என்றாள். "வியாழக்கிழமை வரும். குறுக்கெழுத்துக்காக அவதான் முதல்ல பிரிப்பா. அப்படியே உங்க பக்கத்தையும் படிப்பா, கிண்டல் பண்றதுக்கு."

"அப்போ?"

"போடுங்க. ஆனா ஏன் போனேன்னு கேட்காதீங்க. முடிவும் எழுதாதீங்க. அது அவகிட்ட இருக்கு."

"கேள்வியும் கூடாது, முடிவும் கூடாது. வேற என்னத்தை எழுதி முடிக்கறது?"

"நான் சொல்றேன், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். வாசகர்களே, உங்களில் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருக்கும் கதை இங்கேயே முடிந்தது. குறுக்கெழுத்து அடுத்த பக்கத்தில் இருக்கிறது, போய்ப் போடுங்கள். கீழே இருப்பது அந்த ஒருத்திக்கு. மகள் சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல்:

"மூணாவது பெஞ்ச். நான் இந்தப் பக்க ஓரத்துலதான் உட்கார்றேன். ஜன்னல் பக்கம் யாரும் உட்காரல. என் பையையும் அங்க வெக்கறதில்ல. மழைக்காலம் வரப்போகுது. அந்த ஜன்னல் கொக்கி எனக்கு எட்டாது."