பூஜையில் வைத்த மீட்டர் கார்டு

கமலாக்ஷிக்கு மட்டாஞ்சேரியில் அது முதல் நவராத்திரி. கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அஷ்டமி சாயங்காலம் வீட்டுப் புத்தகங்களையெல்லாம் பூஜையில் அடுக்கினாள். எழுத்துள்ள எதையும் விட்டுவிடக் கூடாதென்று கணவன் ராமபத்ரனின் பாங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, கரண்ட் மீட்டர் கார்டு எல்லாவற்றையும் பட்டுத்துணியில் சுற்றி வைத்தாள். அவள் விளக்கேற்றி முடித்ததும் வாசலில் புது மீட்டரும் கையுமாக வந்து நின்றார் லைன்மேன் குஞ்ஞப்பன்.

பழைய மீட்டரைக் கழற்றிவிட்டு, "கார்டு தரணே மோளே. பழையது எத்ர யூனிட் ஓடீன்னு எழுதணும்" என்றார்.

"பூஜைக்கு வெச்சாச்சே சேட்டா. விஜயதசமி வரைக்கும் எடுக்கவும் படாது, எழுதவும் படாது."

அவர் வீட்டுப் பிள்ளைகளின் புத்தகங்களும் பூஜையில்தான் இருந்தன. தலையாட்டிவிட்டு, பீடிக்கட்டு சுற்றிய காகிதத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். அந்தக் காகிதம் ஆபீஸ் போய்ச் சேரவில்லை.

பத்து நாள் கழித்துப் பில் வந்தது. முப்பது ரூபாயைத் தாண்டாத வீட்டுக்கு முந்நூற்று இருபது ரூபாய். ஏழு நாளில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

தலை தீபாவளிக்குக் கமலாக்ஷியின் பிறந்தகமான பாலக்காட்டுக்குப் போவதற்கென்று ராமபத்ரன் சேர்த்து வைத்திருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். டிக்கெட், அப்பாவுக்கு வேஷ்டி, அம்மாவுக்குப் புடவை, தங்கைகளுக்குப் பாவாடை என்று எத்தனை ராத்திரி இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள்!

"சரஸ்வதிக்குக் கரண்ட் கார்டும் வாசிக்கணும்னு தோணித்தாக்கும்!" என்றாள் மாமியார் அம்மிணி.

"போட்டும்மா. அவள் தெரிஞ்சா பண்ணினாள்?" என்றான் ராமபத்ரன். வெலிங்டன் தீவில் கப்பல் கம்பெனி குமாஸ்தா அவன். அந்த வாரம் ஒருமணி நேரம்கூட நகர முடியாது. அதனால் மறுநாள் காலை கமலாக்ஷியே பில்லும் கார்டுமாகக் கிளம்பினாள்.

கரண்ட் ஆபீஸில் கிளார்க் த்ரேஸ்யாம்மா லெட்ஜரைப் புரட்டினாள்.

"ஆகஸ்டில் 9212. இப்போ வெறும் 14. மீட்டர் பத்தாயிரம் தொட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடியதாக்கும்னு கணக்கிட்டிருக்கு. எண்ணூற்றி ரெண்டு யூனிட்."

"பழைய மீட்டரை மாத்தியாச்சே, சேச்சி!"

"பின்னே, கழற்றினபோ எத்ர இருந்தது? கார்டிலும் இல்லை, இவிடெ லெட்ஜரிலும் இல்லை. எழுதாமல் போனது யாரு?"

வாசலில் ஏணியோடு நின்றிருந்த குஞ்ஞப்பனின் முகம் வெளுத்துவிட்டது. அவர் பெயரைச் சொன்னால் போதும், பழி முழுக்க அவர் தலையில் விழும். கமலாக்ஷி அவரை ஒருதரம் பார்த்தாள்.

"அவர் கேட்டார். நான்தான் தரலை. பூஜையில வெச்சிருந்தேன்."

த்ரேஸ்யாம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கரண்ட் கார்டையா? நல்ல ஆளு!"

குஞ்ஞப்பன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். "தப்பு என்றெ பேரிலும் உண்டு, மேடம். குறிச்ச காகிதம் போயி. ஆனா அந்தப் பழைய மீட்டர் பின்னால ஷெட்டில் உண்டு. உச்சி நேரம் லாரி வந்தால் எரணாகுளம் போகும். இப்போ போயி நோக்கட்டே?"

கமலாக்ஷியும் பின்னாலேயே ஓடினாள். தகர ஷெட்டில் கழற்றிய மீட்டர்கள் தேங்காய்க் குவியல்போல் கிடந்தன. கார்டில் அச்சடித்திருந்த மீட்டர் நம்பரை அவள் உரக்க வாசிக்க, அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். சட்டையெல்லாம் துரு. அரைமணி கழித்து, "கிட்டிப்போயி!" என்றார்.

கண்ணாடிக்குள் எண்கள் நகராமல் நின்றிருந்தன. 9268.

"அம்பத்தாறும் பதினாலும் எழுபது," என்று த்ரேஸ்யாம்மா பழைய பில்லைக் கோடு போட்டு அடித்து, இருபத்தெட்டு ரூபாய்க்குப் புதுசு எழுதினாள். "அடுத்த வருஷம் பூஜையில் புஸ்தகம் மட்டும் வெச்சால் போதும், கேட்டோ."

கமலாக்ஷி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குஞ்ஞப்பனிடம், "நாளைக்கு ஆத்துக்கு வாங்கோ சேட்டா, சாயா குடிச்சுட்டுப் போலாம்" என்றாள்.

சாயங்காலம் படகிறங்கி வந்த ராமபத்ரன் புதுப் பில்லை இரண்டு தரம் படித்தான். பிறகு அசட்டுச் சிரிப்போடு பையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்தான். "தபால்ல போடாதது நன்னாப் போச்சு."

அவளுடைய அப்பாவுக்கு அவன் எழுதியது. ஆபீஸில் லீவு தர மறுத்துவிட்டார்கள், தலை தீபாவளிக்கு வர இயலாததற்கு முழுக்க நானே காரணம், கமலாவைக் கோபிக்க வேண்டாம் என்றிருந்தது.

"பொய்யால்ல எழுதிருக்கேள்?"

"நிஜத்தை எழுதினா உங்கப்பா பணம் அனுப்பிடுவார். உனக்கும் நாலு பேர் முன்னாடி கூச்சமா இருக்கும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, கடிதத்தை ஜன்னல் கட்டையில் வைத்து, கீழே மிச்சமிருந்த இடத்தில் எழுதினாள்.

'அப்பா, மேலே இருப்பது என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இவர் எழுதிய பொய். அதைப் படித்துவிட்டு உங்கள் மாப்பிள்ளையைத் தெரிந்துகொள்ளுங்கள். வியாழக்கிழமை வண்டியில் இருவரும் வருகிறோம்.'