விண்ணப்பதாரர் தூங்குகிறார்

அப்பாவின் தாடையைச் சுற்றி அவள் கட்டியிருந்த துணியை அண்ணன் அவிழ்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்துகொள்ளாதபடி ஒரு துண்டைச் சுருட்டி மோவாய்க்குக் கீழே செருகிவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

"அரை மணி நேரம்தான். ஆபீஸ்லேர்ந்து வர்றவர் பாத்துட்டுப் போயிடட்டும். அதுவரைக்கும் யாருக்கும் போன் பண்ணாத. அழுதுகிழுது வைக்காத."

அப்பாவின் மூச்சு அடங்கி முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்புவதற்கான விண்ணப்பம் அப்பா பெயரில் இருந்தது. கூரைப் பழுதுக்கு என்று சொல்லித்தான் அவரிடம் அண்ணன் கையெழுத்து வாங்கியிருந்தான். அனுமதி வருமுன் அவர் போய்விட்டால் விண்ணப்பமும் செல்லாது. வாரிசுகள் இருவரும் சேர்ந்து புதிதாகப் போட வேண்டும். தங்கை கையெழுத்துப் போடமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். இன்று இடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதிவிட்டால் அங்கேயே அனுமதி கைக்கு வந்துவிடும்.

நகராட்சிக் கட்டட ஆய்வாளர் வந்ததும் விண்ணப்பதாரர் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, இப்போதுதான் கண்ணயர்ந்தார் என்றான் அண்ணன். சொல்லும்போது குரல் இம்மியும் பிசகவில்லை.

ஆய்வாளர் நல்ல மனிதர். கைப்பேசியின் சத்தத்தை நிறுத்தினார். அடிமேல் அடிவைத்து அறைக்குள் நுழைந்தார். அளவுநாடாவைச் சத்தமில்லாமல் இழுத்து நுனியை அண்ணனிடம் கொடுக்க, அவன் பின்சுவர் மூலையில் குந்தி அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான். இருவரும் கிசுகிசுத்துக்கொண்டார்கள். கட்டில் கால் தடுத்தபோது நாடாவைத் தூக்கி அப்பாவின் பாதங்களுக்கு மேலாகக் கொண்டுபோனார்கள். அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அண்ணனைக் கண்டா, இத்தனை நேரம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் தன்னைக் கண்டா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆய்வாளர் அவளிடம் குனிந்து மெல்லக் கேட்டார். "அந்த ஜன்னலத் தெறந்து பாக்கணும்மா. வெளிச்சம் பட்டா அப்பா முழிச்சுக்குவாரோ?"

அண்ணன் மூலையிலிருந்து அவளையே பார்த்தான்.

"சத்தமாவே பேசுங்க சார்," என்றாள். "ஒம்போது மணிக்கே இறந்துட்டார்."

ஆய்வாளர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நாடாப்பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, வெளியே போய் வாசற்படியில் நின்றுகொண்டார்.

அவள் ஜன்னலைத் திறந்தாள். அண்ணன் குந்திய இடத்தைவிட்டு எழவில்லை. யாரோ அளவைச் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல, நாடாவின் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடியே இருந்தான்.