டவர் வேணும் என்று சொன்ன ஊர்

எங்கள் ஊரில் கைக்குழந்தைகூடப் பசித்தால் கொஞ்சம் அடக்கித்தான் அழும் என்று மலைக்குக் கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். தேவையை வெளியே காட்டினால் விலை ஏறிவிடும் என்பது அதற்குத் தொட்டிலிலேயே தெரியுமாம். கேலிதான், ஆனால் பொய் இல்லை. அறுபத்திரண்டு வீடு, அத்தனையும் ஆட்டு வியாபாரம். வாங்க நினைக்கிற ஆட்டை நாங்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம். அதற்குப் பக்கத்து ஆட்டைப் பார்த்துக் கொட்டாவி விடுவோம். விலை சொன்னால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுவோம். விற்கிறவன் பின்னால் ஓடி வருவான். வரவேண்டும், அதுதான் சந்தையின் நியதி.

நான் ஆடு விற்பதில்லை. ஆடு விற்பவர்களுக்குக் கயிறும் மணியும் வாளியும் விற்கிறேன். வியாபாரிகளிடமே வியாபாரம் செய்து பிழைக்கிறவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. அந்தக் கனத்தை ஊர் முழுக்கச் சுமந்த கதை இது.

ஊருக்குள் போன் எடுக்காது. ஒன்றரை மைல் இறங்கினால் சாலை திரும்பும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஒரு காலை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்துக் கிழக்கே பார்த்து நின்றால் பேசலாம். காலை எடுத்தால் பேச்சு அறுந்துவிடும். அதற்கு அலோ வளைவு என்று பெயர். ஒருவர் பாறையில் நின்று கத்த, பின்னால் வரிசையில் நிற்கும் பத்துப் பேரும் அவர் குடும்ப ரகசியத்தைக் கேட்டுக்கொண்டு நிற்போம்.

என் அக்கா ஊர் சுகாதார நிலையத்தின் நர்ஸ். ஊசியக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இரண்டு அறை, ஒரு கட்டில், மருந்து வைக்க ஒரு பச்சை அலமாரி. இருபத்தோரு வருஷமாக அந்த இரண்டு அறையில்தான் ஊரின் பாதிப் பேர் பிறந்தார்கள், மீதிப் பேர் பிழைத்தார்கள். என் பெரியப்பாவைக் கடா முட்டித் தலை பிளந்தபோது அவள்தான் தைத்தாள். எந்த விலை சொன்னாலும் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பிப்பதால் அவருக்கு ஊரில் அரைவிலை என்று பெயர். ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே, "ஒன்பது தையலா? அஞ்சுல முடிச்சிடேம்மா" என்று கேட்டவர் அவர்.

அக்காவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனி நோயாளிகளின் பதிவெல்லாம் இணையம் வழியாகத்தான் வரவேண்டும். ஒரு வருஷம் கெடு. அதற்குள் பழைய ஏடுகளும் ஏறியிருக்க வேண்டும். ஏறாத நிலையங்கள் நகர ஆஸ்பத்திரியோடு இணைக்கப்படும். ஆபீஸ் பாஷையில் இணைப்பது என்றால் மூடுவது. கூடவே கைக்கு அடக்கமாக ஒரு கருவியும் அனுப்பியிருந்தார்கள். நிலையத்துக்குள் இருந்தால்தான் அது பதிவை அனுப்பும். அலோ வளைவில் போய் ஒற்றைக்காலில் நின்றாலும் அனுப்பாது.

நகரம் போக மூன்று மணி நேரம். பிரசவ வலி மூன்று மணி நேரம் பேரம் பேசாது.

அந்தச் சமயத்தில்தான் போன் கம்பெனியிலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வருகிறார் என்று தெரிந்தது. எந்தெந்த மலையூருக்கு டவர் போடலாம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவாராம். அவர் வருகிற நாளில் அக்கா மேல்மேட்டுக் குடிசைகளுக்குத் தடுப்பூசி போடப் போகவேண்டியிருந்தது. கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"வர்றவர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுடா. போதும்."

எனக்குத்தான் போதவில்லை. அவள் தலை மறைந்ததும் ஊரைக் கூட்டினேன்.

"வேணும்னு பல்லைக் காட்டினோம்னா செத்தோம். இடத்தைச் சும்மா கேப்பான், கட்டணத்தை ஏத்துவான். யாருகிட்டயும் போன் இல்ல, யாருக்கும் தேவையும் இல்ல. முறுக்கிக்கிட்டு நில்லுங்க. தானா இறங்கி வருவான்."

"அப்படிப் போடு" என்றார் அரைவிலை. அரை மணி நேரத்தில் ஊரிலிருந்த போன்களெல்லாம் தானியக் குதிரிலும் கோழிக் கூடையிலும் ஒளிந்துகொண்டன.

டவர்க்காரர் ஒல்லியான, பொறுமையான மனிதர். கையில் ஒரு அட்டையும் படிவமும். வழிகாட்டுகிறேன் என்று நானே கூடப் போனேன். முதல் வீடு அரைவிலையுடையது.

"ஐயா, வீட்ல எத்தனை போன் இருக்கு?"

"போனா? அதை வச்சுக்கிட்டு நாங்க என்ன சார் பண்ணப் போறோம்? ஆடு கூப்பிட்டா வருது, பொண்டாட்டி கூப்பிடாமலே வர்றா."

அடுத்தது அத்தை வீடு. காலையில் அவள் காதில் விழுந்தது மதியத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிடும், அதனால் ரேடியோ அத்தை. "எங்களுக்கு எதுக்குப்பா அந்தக் கருமாந்திரம்?" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, அடுக்களையில் மாவு டப்பாவுக்குள்ளிருந்து சேவல் கூவியது. அலாரம்.

டவர்க்காரர் டப்பாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுச் சேவல்" என்றாள் அத்தை.

"டப்பாவுலயா வளர்க்கிறீங்க?"

"குஞ்சு சார். குளிர் தாங்காது."

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். அறுபத்திரண்டு வீட்டிலும் இதே பாட்டுத்தான். ஜீப் கிளம்பியபோது எல்லோரும் அவரவர் வாசலில் நின்று கொட்டாவி விட்டோம். சந்தையில் விலை படியாமல் போகிறவன் நாலு எட்டு வைத்ததும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். நான் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டது.

மாலையில் அக்கா வந்தாள். அத்தை சேவல் கதையை நடித்துக் காட்ட, தெருவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தோளிலிருந்த மருந்துப் பெட்டியைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"எத்தனை வீட்ல போன் வேணும்னு சொன்னீங்க?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரு வீட்லகூடவா சொல்லல?"

"அக்கா, அது ஒரு தந்திரம். அவன் திரும்பி வந்துதான் ஆகணும்..."

"எதுக்குடா வரணும்? அவருக்கு இந்த மாதிரி நாப்பது ஊர் இருக்கு. வேணாம்னு சொன்ன ஊரை அடிச்சிட்டு, வேணும்னு சொன்ன ஊருக்குப் போயிட்டே இருப்பாரு. இதுல நீங்க வாங்க வந்தவங்கடா. ஆடு அவரோடது, அதை வாங்க நாப்பது ஊர் நிக்குது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு ஊரே கெட்டிருந்தது, வாயைக் கொடுத்தவன் நான். அக்கா அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நிலையத்துக்குள் போய்ப் பச்சை அலமாரியைத் திறந்து, மருந்துகளை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள். காலி செய்யப்போகிற வீட்டை ஒழுங்குபடுத்துகிற மாதிரி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு கீழே போனேன். டவர்க்காரர் சாலையோர விடுதி ஒன்றில் தங்கியிருந்தார். கட்டில் முழுக்கப் படிவங்கள். எங்கள் ஊர்ப் படிவத்தின் அடியில் "தேவை இல்லை" என்று சிவப்பில் எழுதியிருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"சார், எங்க ஊருக்கு டவர் வேணும். ரொம்ப வேணும். இல்லேன்னா எங்க ஆஸ்பத்திரிய மூடிடுவாங்க."

அவ்வளவுதான். எங்கள் பரம்பரையில் யாரும் அப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை. எனக்கு உடம்பு கூசியது.

"வீட்டுக்கு வீடு வேணாம்னு சொன்னாங்களே சிஸ்டர்? அவங்க சொன்னதைத்தான் நான் எழுத முடியும். டப்பாவுக்குள்ள சேவல் கூவினது என் காதுலயும் விழுந்துது. அதை எழுத இந்தப் படிவத்துல இடம் இல்லியே."

"அவங்க சொன்னது பொய்."

"எதுக்கு இப்படி ஒரு பொய்?"

"ஆட்டு வியாபாரிங்க சார். பழக்கதோஷம்."

அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். பேனாவை எடுத்துக்கொண்டு விவரம் சொன்னார். வெள்ளிக்கிழமை அறிக்கையை அனுப்பவேண்டும். அதற்குள் தொண்ணூறு பேர் இணைப்புக்குக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். உயரமான இடம் ஒன்றை எழுதித் தரவேண்டும். அலோ வளைவுக்குமேல் லாரி ஏறாது, ஆகவே இரும்புச் சாமான்களை ஊரே சுமந்து ஏற்ற வேண்டும்.

"தொண்ணூறா?" என்று என் வாய் தானாகத் திறந்தது. "ஒரு அறுபதுக்கு..."

அக்கா என் காலை மிதித்தாள். செருப்போடு.

"ஆகட்டும் சார்" என்றாள்.

வெள்ளிக்கு இரண்டே நாள். வீடு வீடாக நான்தான் ஏறி இறங்கினேன், என் தப்பை நானே சொல்லிக்கொண்டு. வாதாடுவார்கள், தவணை கேட்பார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். ஒன்றும் பயன்படவில்லை. ரேடியோ அத்தை பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "என் மூணு பிள்ளைகளையும் இழுத்துப் போட்டவ அவ. இதுக்குப் போய் விளக்கம் சொல்லிட்டு நிக்கிற?" என்றாள். நூற்றுப் பதினாலு கையெழுத்து சேர்ந்தது.

உயரமான இடம் என்றால் அரைவிலையின் மேய்ச்சல் மேடுதான். அவரிடம் போகத்தான் பயமாக இருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலைத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"எவ்வளவு இடம் வேணுமாம்?"

"முப்பதடிக்கு முப்பது, பெரியப்பா."

நான் பதினைந்துக்குப் பதினைந்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"சாய்வா இருக்கும். நாப்பதா எடுத்துக்கச் சொல்லு" என்றார்.

டவர் வருவதற்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. இரும்பு வந்து வளைவில் இறங்கிய வாரம் எங்கள் ஊரிலிருந்து ஒருவர்கூடச் சந்தைக்குப் போகவில்லை. நீளக் கம்பிகளை எட்டெட்டுப் பேராகத் தோளில் ஏற்றினோம். கழுதைகள் சிமெண்ட் சுமந்தன. போல்ட் நட்டு மூட்டைகளை அத்தையும் மற்றப் பெண்களும் இடுப்பில் வைத்துக் கொண்டுபோனார்கள். எண்ணிப் பார்த்த டவர்க்காரர், "எந்த ஊர்லயும் பத்துப் பதினஞ்சு நட்டாவது காணாம போகும். இங்க ஒண்ணுகூடக் குறையலியே!" என்று அதிசயப்பட்டார். வியாபாரி ஊர் சார், எடை குறையாது என்றேன். சொல்லும்போது நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது உண்மை.

கெடுவுக்கு ஒரே ஒரு நாள் பாக்கி இருக்கும்போது டவர் உயிர்பெற்றது. காலை ஒன்பது மணிக்கு ஊரிலுள்ள போன்களெல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. தெருவெல்லாம் பேச்சு. வெளியூர் போன மகனுக்கு ஒருத்தி அழுதுகொண்டே சிரித்துக் காட்டுகிறாள். கட்டிலில் படுத்தபடி பேசிப் பார்க்கிறார் ஒருவர். எதிரெதிர்த் திண்டில் உட்கார்ந்திருந்த அண்ணனும் தம்பியும் போனிலேயே சண்டை போடுகிறார்கள்.

நிலையத்தில் அக்கா பழைய ஏடுகளையெல்லாம் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கருவியில் ஏற்றி வைத்திருந்தாள். ஆயிரத்துச் சொச்சம் பக்கம். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். ஒரு பக்கம் போக ஏழு நிமிஷம். மதியம் இரண்டு மணிக்கு நாற்பத்திரண்டு பக்கம்தான் போயிருந்தது. இந்தக் கணக்கில் எல்லாம் போய்ச் சேரும்போது கெடு முடிந்து நாலு நாள் ஆகியிருக்கும்.

"சின்ன டவர் சிஸ்டர்" என்றார் கூட நின்ற டவர்க்காரர். "ஒத்தையடிப் பாதை மாதிரி. ஊரே ஒரே நேரத்துல ஏறி நடக்குது."

"ஊருக்குச் சொல்லிட்டு வரட்டுமாக்கா?"

"வேணாம்டா. இத்தனை வருஷம் பாறையில நின்னு கத்தின சனம். மொத நாள். பேசட்டும்."

அவள் சொல்லைக் கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் அவள் பச்சை அலமாரியைத் திறந்து மருந்துகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். வெளியே வந்துவிட்டேன்.

அரைவிலை வாசலில் உட்கார்ந்து, மறுநாள் சந்தைக்கு நாற்பது ஆட்டை வைத்து யாரோ வெளியூர்க்காரரோடு போனில் உச்சக்கட்டப் பேரத்தில் இருந்தார். நான் காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். பெரியப்பா ஒரு கணம் கண்ணை மூடினார்.

"அலோ. நான் வைக்கணும்யா. ...விலையா? நீ சொன்ன விலைக்கே எடுத்துக்கோ." போனை அணைத்து மடியில் கவிழ்த்தார்.

எதிராளி சொன்ன விலையை அவர் ஒப்புக்கொண்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அந்த மனிதன் இன்னமும் எங்கோ போனைப் பார்த்துக்கொண்டு, ஆட்டில் என்ன கோளாறோ என்று குழம்பிக்கொண்டிருப்பான்.

"அத்தைய கூப்பிடு" என்றார்.

அத்தைக்கு எந்தக் காலத்திலும் டவர் தேவைப்பட்டதில்லை. தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தாள்: "ஏய், எல்லாரும் போனை அணைங்க! ஊசியக்கா ஏடு போக வழி விடுங்க!"

அழுது சிரித்தவள் மகனிடம் ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள். அண்ணனும் தம்பியும் சண்டையைப் பாதியில் நிறுத்தினார்கள். நூற்றுப் பதினாலு போனும் ஒவ்வொன்றாக அணைந்தன. பேசியே பிழைக்கிற ஊர் வாயை மூடி வாசலில் உட்கார்ந்தது.

உள்ளே பக்கங்கள் பறந்தன. நிமிஷத்துக்கு ஏழு, எட்டு. டவர்க்காரர் கருவியை எட்டிப் பார்த்து எண்களை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கடைசிப் பக்கமும் போய்ச் சேர்ந்து, "ஏற்கப்பட்டது" என்று வந்தது. அக்கா அதை மூன்று முறை படித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

தெரு முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் இருண்ட போன்.

"முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டார் அரைவிலை.

"முடிஞ்சுது பெரியப்பா. ஆஸ்பத்திரி இங்கதான். நீங்க எல்லாரும் பேசலாம்."

யாரும் போனைத் திறக்கவில்லை. பெரியப்பா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்திருக்கப் போன ஒருவனைக் கையமர்த்தினார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டும்மா. விட்டுப்போனது எதாவது இருந்தா நிதானமா அனுப்பு" என்றார். "இது கொசுறு."