மைக்கில் சொன்ன படிப்பு

கேக் வெட்டும் கத்தி காணாமல் போனதற்கு நான் பொறுப்பல்ல. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு.

சுவிஸில் ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மண்டபம். சாயிசன் என்ற பிள்ளையின் முதலாவது பிறந்தநாள். இருநூறு விருந்தினர். நான் அறிவிப்பாளர். வார நாட்களில் முதியோர் இல்லச் சமையலறையில் காரட் வெட்டுகிற தவச்செல்வன், சனிக்கிழமைகளில் கோட் போட்டுக்கொண்டு அறிவிப்பாளர் தவச்செல்வன் ஆகிவிடுவான். எங்கள் ஆட்களின் கொண்டாட்டத்தைக் கேக் இல்லாமல்கூட ஒப்பேற்றிவிடலாம், மைக் இல்லாமல் முடியாது. வாசலில் கார் குறுக்கே நிற்பதும், சாப்பாடு தயாரானதும், மாமன்மார் மேடைக்கு வரவேண்டும் என்பதும் மைக்கில் சொன்னால்தான் நடந்ததாகக் கணக்கு.

கத்தியைத் தேடி நான்கு பேர் குசினிக்குள் ஓடினார்கள். மண்டபம் அமைதியானது. அறிவிப்பாளனுக்கு அமைதி என்பது அடுப்பில் பொங்கும் பால். பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. முதலில் வானிலை சொன்னேன். பிறகு, பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் வெவ்வேறு தொட்டியில் போடும்படி சொன்னேன். கத்தி வரவில்லை. அந்த நேரம் பார்த்து என் மனைவி சிவகலா ரோல்ஸ் தட்டோடு மேடைக்கு முன்னால் நடந்துபோனாள்.

"அன்பான உறவுகளே! இந்த இனிய வேளையிலே இன்னுமொரு மகிழ்ச்சியான செய்தி. என் துணைவியார் சிவகலா அவர்கள் தன்னுடைய நாற்பத்துநான்காவது வயதிலே பட்டப்படிப்புப் படிக்கப் போகிறார்!"

இருநூறு பேரும் கைதட்டினார்கள். டி.ஜே. பையன் கப்பல் ஹோர்ன் மாதிரி ஒரு சத்தத்தை மூன்று தரம் போட்டான். சிவகலா தட்டோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் அந்தப் பார்வை எனக்குப் புதிது. கத்தி கிடைத்துவிட்டதாக யாரோ குசினியிலிருந்து கத்தினார்கள். ஒரு நிமிடம் முன்னதாகக் கிடைத்திருக்கலாம்.

உண்மை இதுதான். நானும் அவளும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. நான் கீழே சமையலறையில், அவள் மேலே இரண்டாம் மாடியில். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அந்தக் கட்டடத்துக்குள் அவள் நிலம் துடைக்கிற வேலைக்குத்தான் போனாள். பிறகு பராமரிப்பு உதவியாளர். முப்பத்தெட்டு வயதில், பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, பராமரிப்புத் தொழிலுக்கான சான்றிதழ் எடுத்தாள். அதே காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு, உருளைக்கிழங்கிலிருந்து காரட்டுக்கு.

அந்த மாதத் தொடக்கத்தில் அவளுடைய பிரிவுத் தலைவி ஃபிரவ் (திருமதி) வீஸ் அவளைக் கூப்பிட்டு, "நீங்கள் ஹெச்.எஃப். செய்ய வேண்டும்" என்றிருக்கிறார். உயர் தொழிற்பள்ளி. இரண்டு வருடம் வேலையும் வகுப்புமாக ஓடி, கடைசியில் தாதியர் டிப்ளோமா. மாத முடிவுக்குள் ஓமோ இல்லையோ சொல்ல வேண்டும். சிவகலா இதை என்னிடம் சொல்லிவிட்டு, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, நான் இன்னும் யோசிக்கிறன்" என்றாள். நானும் சொல்லவில்லை. முழுசாக ஆறு நாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் மூன்றாவது சுற்றுவட்டத்தைத் தாண்டியது.

"அப்பா," என்றாள் பின்சீட்டிலிருந்து மகள் ஹரிஷா. பதினேழு வயது, பிழை திருத்துவதில் தாயைப்போல. "ஹெச்.எஃப். பட்டம் இல்லை. டிப்ளோமா."

"அது பட்டம் மாதிரித்தானே பிள்ளை."

"இல்லை. யூனிவர்சிட்டிக்குப் போனால்தான் பட்டம். இது தொழிலோட சேர்ந்த உயர்கல்வி. வேற பாதை. குறைவு எண்டு சொல்லேல்லை, வேற."

"மைக்கில அவ்வளவும் சொல்ல நேரம் காணாது."

"அப்ப ஒண்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்றாள் சிவகலா, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. நான்காவது சுற்றுவட்டத்தில் என் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்கோ, நான் இனிப் போகாட்டி, 'பாவம், அவளால ஏலாமப் போச்சு' எண்டுவினம். போனால், 'மனுசன் சபையில சொல்லிப்போட்டான், வேற வழியில்லாமப் போறாள்' எண்டுவினம். ரெண்டிலயும் நான் எங்கை?"

அந்தச் சுற்றுவட்டத்தை நான் இரண்டு தரம் சுற்றினேன். வெளியே போகும் வழி கண்ணில் படவில்லை.

அடுத்த நாளே ரெனானிலிருந்து அவளுடைய அக்கா ஜெயமலர் போன் எடுத்தாள். யாரோ எடுத்த என் அறிவிப்பின் வீடியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. "எனக்குச் சொல்லாமல் பட்டம் படிக்கப் போறியோ?" தமிழ்க் கடையில், "பட்டமளிப்பு எப்ப அக்கா? சாறி வந்திருக்கு" என்று கேட்டார்கள். சிவகலா எல்லோருக்கும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து வெங்காயத்தை என்னைப் பார்த்துக்கொண்டே வெட்டினாள்.

அவளுடைய முடிவை நான் பறித்து ஊருக்குப் பகிர்ந்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க ஒரே வழி, இந்தப் படிப்பு பெறுமதியா இல்லையா என்று சரியான தகவலோடு அவள் முன்னால் வைப்பது என்று நினைத்தேன். தகவல் திரட்டக் கிளம்பினேன்.

முதலில் அந்தத் தொழிற்பள்ளி மாலையில் நடத்திய தகவல் கூட்டம். அவளுக்குப் பின்னேர வேலை, ஆகவே நான் போனேன். மண்டபம் நிறைய இருபது வயதுப் பிள்ளைகள், நடுவில் காரட் மணத்தோடு ஒரு ஐம்பது வயதுக்காரன். கேள்வி நேரத்தில் மைக் என் கைக்கு வந்தது. பழக்க தோஷம், இரண்டு தரம் தட்டி "ஹலோ, ஹலோ" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவிக்கு நாற்பத்துநான்கு வயது, அவளுக்கு இந்தப் படிப்பு பெறுமதியா என்று ஜெர்மனில் கேட்டேன். மேடையில் நின்ற அம்மணி அழகாகச் சிரித்து, "அது பல விஷயங்களைப் பொறுத்தது" என்றார். எதைப் பொறுத்தது என்று கேட்டேன். "அதுவும் ஆளைப் பொறுத்தது" என்றார். மைக்கைத் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

அடுத்தது யேசுதாசன் அண்ணை. ஓல்டன் ஸ்டேஷனில் ரயில் பெட்டி துப்புரவாக்குகிறவர். ஒரு ரயில் போய் அடுத்தது வருவதற்குள் உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லுவார்.

"அண்ணை, கலா ஹெச்.எஃப். செய்யலாமோ?"

"செய்யலாம்."

"அப்ப பெறுமதி எண்டு சொல்லுறியள்?"

"செய்யாமலும் இருக்கலாம். இப்ப என்ன குறை? ஆனால் செய்தால் நல்லம். நாப்பத்துநாலு வயசு, அதையும் பாக்கவேணும். அதுக்காக வயசைப் பாத்தும் ஏலாது." ரயில் வந்துவிட்டது. "ஏன்ராப்பா, நீ அண்டைக்கு மைக்கில ஏற்கனவே முடிவு சொன்னனியெல்லே?"

பத்மினியைச் சோலோதுர்ன் ரயிலில் பிடித்தேன். எங்கள் ஆட்களுக்குள் ஹெச்.எஃப். முடித்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். இவளாவது நேராகச் சொல்லுவாள் என்று நம்பினேன்.

"முதல் வருசம் முழுக்க இந்த ரயிலிலதான் அழுதனான் அண்ணை. இந்தப் பக்கத்துச் சீட். டிப்ளோமாவுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதேக்க ஜெர்மன் என்னைச் சப்பித் துப்பிச்சுது."

"அப்ப வேண்டாம் எண்டுறீர்?"

"ஆர் சொன்னது? எனக்கு அது சரி. அக்காவுக்கு எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அவவுக்கு ஏன் அது வேணும் எண்டு அவவுக்குத்தான் தெரியும்."

அதைத்தான் நான் வீட்டில் மூன்று தரம் கேட்டுவிட்டேன். மூன்றாம் தரம் சிவகலா கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப கேக்கிறது நீங்களோ, மைக்கோ?"

நியாயமான கேள்வி.

மாதக் கடைசி நாளுக்கு முதல் நாள். மேல்மாடிக்குத் தேநீர் வண்டி கொண்டுபோகிறவருக்குக் காய்ச்சல், என்னைத் தள்ளச் சொன்னார்கள். இரண்டாம் மாடிக் கதவு திறந்ததும் தெரிந்தது, ஏதோ சரியில்லை. இருபதாம் இலக்க அறை திறந்திருந்தது. உள்ளே ஃபிரவ் அம்மன். அது அவருடைய சுத்த சுவிஸ் குடும்பப் பெயர்தான்; வந்த புதிதில் நான் கும்பிடாத குறை. எண்பத்தெட்டு வயது. என் காரட் சூப்பில் உப்புக் காணாது என்று வாரம் தவறாமல் கடிதம் எழுதுகிறவர். கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

சிவகலா அவரை நிமிர்த்தி முதுகுக்குத் தலையணை கொடுத்திருந்தாள். யன்னல் திறந்திருந்தது. ஒரு கையால் அவருடைய கையைப் பிடித்தபடி மறு கையில் போனை வைத்துக்கொண்டு ஜெர்மனில் கதைத்தாள். மெதுவாக, ஒரு சொல் கூடாமல்.

"திங்களிலிருந்து எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. கால் வீக்கம். படுக்க முடியவில்லை. மூச்சு நிமிடத்துக்கு முப்பது. நீர் இறக்கும் மருந்தை அவசரத்துக்கென்று டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் வரவேண்டும்."

அந்த மருந்தை இப்போது கொடுக்கலாமா என்று தீர்மானிக்கிறவர் டிப்ளோமா பெற்ற தாதியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் இல்லத்தின் விதி. அன்று கட்டடம் முழுவதற்கும் லியா ஒருத்திதான். இருபத்துநான்கு வயது. போனின் மறுமுனையில் அவள்தான்; நான்காம் மாடியில் வேறொரு முதியவரோடு நின்றாள்.

சிவகலா காத்திருந்தாள். எனக்குத் தெரிந்த சிவகலா வீட்டில் காத்திருக்க மாட்டாள். பால் பொங்குவதற்கு முன்பே இறக்கிவிடுவாள். இங்கே கையைப் பிடித்துக்கொண்டு, கிழவியோடு சேர்ந்து மூச்சை எடுத்து, விட்டு, எடுத்து, விட்டு நின்றாள். இடையில் ஒரு தரம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

லியா ஓடி வந்தாள். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டாள், வீங்கிய காலை அமர்த்திப் பார்த்தாள், சிவகலாவின் குறிப்பை வாசித்தாள். "நீங்கள் சொன்னதேதான்" என்றாள். மருந்து ஏறியது. டாக்டருக்குப் போன் போனது. கொஞ்ச நேரத்தில் ஃபிரவ் அம்மனின் முகத்தில் நிறம் திரும்பியது. வாசலில் என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இன்றைக்கும் அந்த சூப்தானா?"

லியா தாளில் கையெழுத்துப் போட்டாள். சிவகலா பக்கத்தில் நின்று தலையணையைச் சரிசெய்தாள். நிலம் துடைக்க வந்த கட்டடத்தில் எண்பத்தெட்டு வயது மனுசி ஒருத்தி அவளுடைய மூச்சைப் பார்த்துத் தன் மூச்சை எடுத்தாள். இதை அறிவிக்கக்கூடிய மைக் உலகத்தில் இல்லை. என் கண் கரித்தது. வண்டியில் வெங்காயம் இல்லை, தேநீர் மட்டும்தான். ஆகவே சாட்டுச் சொல்லவும் வழியில்லை.

நான்கு மணி இடைவேளையில் ஊழியர் அறையில் அவள் தனியே இருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"மைக் எங்கை?" என்றாள்.

"இல்லை."

"போன்?"

"லொக்கரில."

இரண்டு கையையும் மேசைமேல் விரித்துக் காட்டினேன். காரட் நிறம் ஏறிய விரல்கள். அவள் கொஞ்சம் சிரித்தாள்.

"கலா, நான் கேக்கிறன். நான் மட்டும். அண்டைக்கு நான் சொன்னதை மறந்துவிடும். வேண்டாம் எண்டால் வேண்டாம். அடுத்த சனி நானே மைக்கில ஏறி, நான்தான் பிழையாச் சொன்னனான் எண்டு சொல்லுறன். எல்லாரும் சிரிக்கட்டும், எனக்குப் பழக்கம். இந்தப் படிப்பு உமக்குப் பெறுமதியோ?"

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"ஒன்பது நிமிசம்," என்றாள். "லியா வர எடுத்தது. அவள் நல்ல பிள்ளை, படியில ஓடித்தான் வந்தவள். போன கிழமை பன்ரண்டு நிமிசம். என்ன செய்யவேணும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஆறு வருசமா நிக்கிறன்."

நான் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தேன்.

"அழுவன். ஜெர்மன் எழுத்து என்னைக் கொல்லும். ரெண்டு வருசம் நீங்கள்தான் சமைக்கவேணும், உப்பும் சரியாப் போடவேணும். ஆனால் ஓம். எனக்குப் பெறுமதி. நான் போறன். நாளைக்குக் காலமை ஃபிரவ் வீஸிட்டைச் சொல்லப்போறன். அதுக்குப் பிறகு நீங்கள் மைக்கில சொல்லலாம். டிப்ளோமா எண்டு சொல்லுங்கோ."