குருவி முத்திரை, எண் 419

அந்தப் பியானோவின் மேல் யாரோ பச்சைப் பெயிண்டை அப்பி வைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற அதே பெயிண்ட். வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் அதைக் கூடத்திலேயே விட்டுப் போயிருந்தார்கள். வீட்டை வாங்கிய தையல்காரிக்கோ அந்தச் சுவரோரம் தன் இரண்டு மெஷின்களைப் போட வேண்டும். பஸ் டிரைவரான அவள் கணவன் பழைய இரும்புக்காரரிடம் சொல்லி வைத்தான். சனிக்கிழமை மதியம் வந்து உடைத்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

அன்று காலை தூசி துடைக்கும்போது, வாசிக்கிற கட்டைகளை மூடும் பலகையில் ஒரு மேடு கையில் தட்டியது. தையல் பிரிக்கும் கத்தியால் மெல்லச் சுரண்டினாள். பித்தளை எழுத்து ஒன்று பளிச்சென்றது.

"என்னங்க, இங்க ஓடி வாங்க! இதுல பேர் இருக்கு!"

பாதி முகம் சோப்பு நுரையோடு வந்தவன் அந்தப் பேரைப் போனில் தட்டினான். கண் இரண்டும் வெளியே வந்து விழுந்துவிடும்போல் ஆனது.

"அடியே, இந்தப் பேர் போட்ட பியானோ ஒண்ணு கார் விலைக்குப் போயிருக்கு! இரும்புக்காரர வர வேணாம்னு சொல்லிடு!"

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் அம்மாள் ஒருவர் நாலு தெரு தள்ளி இருந்தார். அவருக்குக் காதம்மா என்றே பேர் நிலைத்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்தார். முதல் வேலையாகப் பித்தளைத் தகட்டைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இது யாரோ அப்புறமா மாட்டினது தம்பி. அடியில பழைய தகட்டோட ஓட்டை இருக்கு பாருங்க. பெரிய பேரா போட்டா நல்ல விலைக்குத் தள்ளலாம்னு செஞ்சிருக்காங்க."

டிரைவர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். "அப்போ கார் போச்சா?"

"கார் போச்சு. பொறுங்க, இது யாரு பெத்த பிள்ளைன்னு பார்ப்போம்."

மேல்மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றி, டார்ச் அடித்தார். கம்பிகளுக்குப் பின்னால் மரத்தில் ஒரு முத்திரை: கட்டைவிரல் நகம் அளவில் ஒரு குருவி. பக்கத்தில் 419. உள்ளே தலையை விட்ட காதம்மா அதை வெளியே எடுக்கவே இல்லை.

"என்னம்மா, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்றாள் தையல்காரி.

"உடம்பா? மனசு குதிக்குதும்மா! குருவி முத்திரை ஒரு சின்னப் பட்டறையோடது. ஒரே ஆள் செஞ்சார். அவர் செத்ததும் 412-ஆவது பியானோவோட பட்டறைய மூடிட்டாங்கன்னுதான் எல்லாரும் எழுதி வச்சிருக்காங்க. இது 419!"

"இதுவும் டூப்பா இருந்தா?" சூடு கண்ட டிரைவர் கேட்டான்.

நியாயமான கேள்விதான். காதம்மா இடது கோடியில் இருந்த முதல் கட்டையை அப்படியே உருவி எடுத்தார். செய்தவர்கள் கையெழுத்துப் போடுகிற இடம் அதுதானாம். மரத்தின் பக்கவாட்டில் மங்கலான பென்சில் கோடுகள். அவருக்குப் பிடிபடவில்லை. ஊசியில் நூல் கோத்துப் பழகிய தையல்காரி ஜன்னலோரம் கொண்டுபோய் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"'அப்பா இல்லாமல் நான் செய்த ஏழாவது. மூத்த மகள்.'"

காதம்மா போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அறுபது வயதுக் காதம்மா தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். "மகள் செஞ்சிருக்கா! பட்டறைய மூடவே இல்ல அவ!"

"இதுக்கு என்ன விலை வரும்?" என்றான் டிரைவர்.

"வாசிக்கிறவனுக்கு வித்தா பழைய ஸ்கூட்டர் விலை. ஆனா இத வாசிக்கிறவனுக்கு விக்கக் கூடாது."

அவர் இசைக்கருவி அருங்காட்சியகப் பொறுப்பாளருக்குப் போன் செய்தார். அந்த மனிதர் சாப்பிட்டாரோ இல்லையோ, இரண்டு மணிக்கெல்லாம் வாசலில் நின்றார். அப்பா இருந்த காலத்தில் மூத்த மகள் எழுதிய ஒரு கடிதத்தின் படம் அவரிடம் இருந்தது. அதைக் கட்டையோடு சேர்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அதே கைதான்," என்றார். பிறகு ஒரு தொகை சொன்னார். டிரைவரின் ஒரு வருஷச் சம்பளம் அது. அவனுக்குப் புரையேறியது.

தையல்காரி மட்டும் உடனே தலையாட்டவில்லை. "பக்கத்துல வைக்கிற பலகையில யார் பேரைப் போடுவீங்க?"

"பட்டறையோட பேர்தான். வழக்கம் அது."

"செஞ்சது அவ இல்லீங்களா? நான் தைக்கிற சட்டையெல்லாம் கடைக்காரர் பேர்லதான் போகுது. இவளுக்காச்சும் அவ பேர் இருக்கட்டும். இல்லன்னா நான் தரல."

டிரைவர் அவள் முந்தானையை இழுத்தான். அவள் அசையவில்லை. பொறுப்பாளர் கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார்; சிரித்தார்.

"அவங்க பேர் மேல. அப்பாவோட பட்டறை கீழ. எழுதியே தர்றேன்."

வண்டி திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். ஞாயிறு முழுக்கக் காதம்மா கூலி வாங்காமல் உட்கார்ந்து சுருதி சேர்த்தார். சாயங்காலம் கட்டடமே கூடத்தில் நின்றது. அவர் வாசிக்கத் தொடங்கியதும் சுவரில் சாய்ந்திருந்த தையல்காரியின் முதுகில் அந்த ஒலி அதிர்ந்தது. பக்கத்தில் டிரைவர், தான் பார்த்து வாங்கிய பொருள் இது என்று, இரும்புக்காரர் கதையை மட்டும் விட்டுவிட்டு, வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.